பாத்திரத்தில் மீந்தது

கடைசி பெஞ்சில், தூணை ஒட்டி உட்கார்ந்திருப்பது மாசிலாமணிதான். திராட்சரசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஆல்டரிலிருந்து திரும்பினபோதே கண் நேராக அங்கேதான் போய் விழுந்தது, வேறெங்கும் விழ இடமில்லாத மாதிரி. எட்டு வாரமாகக் கோயில் பக்கம் வராதவன். வெள்ளைச் சட்டை. அதைத் தேய்த்து வேறு போட்டிருக்கிறான். யார் தேய்த்துக் கொடுத்தது, பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறதே. பார்க்கக் கூடாது. பார்த்தால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். திருவிருந்தின் முதல் பந்தி கிராதியை ஒட்டி முழங்கால் போட்டாகிவிட்டது, மெத்தை நெடுகப் பதினாலு பேர், எனக்கு முன்னால் சற்குணம் ஐயர் அப்பம் கொடுத்துக்கொண்டு போகிறார், எண்பத்தொரு வயது, ரிட்டயராகி இருபது வருஷம், இன்றைக்கு விருந்தாளியாக வந்தவரை நான்தான் அப்பத்தைக் கையில் கொடுத்து நிறுத்தினேன், அவருக்கு யாரையும் தெரியாது, காதும் கேட்காது, நீட்டின கைக்கெல்லாம் ஒரு துண்டு வைத்துக்கொண்டே போவார். பின்னால் நான் பாத்திரத்தோடு. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள், போதகர் பெண்சாதியை ஐயரம்மா என்பார்கள், அந்த வார்த்தைக்குள் என்னை நுழைத்துக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருஷம் போதவில்லை. முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. கடைசி பெஞ்சுக்காரர்கள் மூன்றாம் பந்தியில்தான் எழுந்து வருவார்கள். அவன் எழுந்து வருவானா? வரக் கூடாது என்று இந்தக் கோயிலில் வைத்து, இந்த வாயால், நான்தான் வாசித்தேன். திருவிருந்திலிருந்து விலக்கம், மறு உத்தரவு வரும்வரை. வந்து முழங்கால் போட்டு முகத்தை நிமிர்த்தினால் பாத்திரத்தை அவன் வாயண்டை கொண்டுபோவேனா, அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போவேனா. துணியால் விளிம்பைத் துடைத்தேன். முதல் ஆள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னேன். வாக்கியம் தன்பாட்டில் வந்துவிடும், அதற்கு நான் வேண்டியதில்லை.

முதல் ஆள் பொன்ராஜ் சார். எப்போதும் முதல் ஆள் அவர்தான், சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியின் செயலாளர், எம்.ஏ., எம்.எட்., தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பாத்திரத்தின் விளிம்பில் உதடு படுகிறதோ இல்லையோ என்று குடிப்பார், எனக்கு முந்தி எத்தனையோ ஐயர்மாரைப் பார்த்த உதடு. அவருடைய வழுக்கையில் மேலே சுற்றுகிற ஃபேனின் நிழல் விட்டு விட்டு விழுகிறது. நான் மில்லில் பதினோரு வருஷம் ராத்திரி ஷிப்டில் நூல் ஒட்டினவன். அறுந்த நூலைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவே முறுக்கி ஒட்டிவிட்டு அடுத்த அறுப்புக்கு ஓடுவதுதான் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து தனியாகப் படித்து, தபாலில் பரீட்சை எழுதி, எப்படியோ அங்கி போட்டவன். பொன்ராஜ் சார் என் பிரசங்கத்தைக் கேட்கும்போது விரலால் முழங்காலில் ஏதோ எழுதுவார், சிவப்பு மையில் திருத்துகிற மாதிரியே இருக்கும். டிசம்பர் கடைசியில் கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்து, “ஐயரே, கோயில் கோயிலா இருக்கணுமா வேண்டாமா? கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவன் தள்ளாடிட்டு வந்து நிக்கான். சின்னப் பிள்ளையெல்லாம் பாத்துச் சிரிக்கி. உங்க சிஷ்யன்னு ஊரே சொல்லுது, அதனாலதான் நடவடிக்கை எடுக்க யோசிக்கியளோ?” என்றார். சிஷ்யன் என்ற சொல்லை அப்படியே நாக்கு நுனியில் வைத்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேனோ. என் சிஷ்யன் இல்லை என்று காட்டத்தான் ஜனவரி முதல் ஞாயிறு அந்தத் தாளை வாசித்தேனோ. வாசித்தபோது, மாசிலாமணி என்று பேர் வந்த இடத்தில், மூன்றாவது பெஞ்சில் அவன் எழுந்து நின்றான். யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. வகுப்பில் நான் பேர் கூப்பிடும்போது எழுந்து “இருக்கேன்யா” என்று சொல்லிப் பழகினவன், அந்தப் பழக்கத்தில் எழுந்துவிட்டான். முழுவதும் நின்றபடியே கேட்டான். குடிவெறியின் நிமித்தமாக என்று நான் வாசிக்கிறேன், அவன் என்னையே பார்க்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை தெரிந்தவர்கள் கோயிலுக்குள் இரண்டே பேர், தாளை வைத்துக்கொண்டு நின்ற நானும், தாளில் பேர் எழுதப்பட்டு நின்ற அவனும்.

அடுத்த ஆள். அடுத்த ஆள். ஆட்டுக்கு வலிப்பு வருகிறது, ஜெபம் பண்ணுங்க ஐயரே என்று வியாழக்கிழமை வந்து நின்ற கிழவி, ஆடு பிழைத்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். இதற்குத்தானே வந்தேன். உப்புக் காற்றும் பனங்காடுமான இந்த ஞானோதயபுரத்துக்கு மாற்றல் வந்தபோது தண்டனை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு வருஷம் வேறெங்கும் கிடைக்கவில்லை, அது மாசிலாமணியால் கிடைத்தது. உப்பு லாரி ஓட்டுகிறவன், முப்பத்தெட்டு வயது, காலையில் எழுந்ததும் குடிக்காவிட்டால் ஸ்டீயரிங்கில் கை நிற்காது. ஒருநாள் நாங்கள் குடியிருக்கிற பார்சனேஜ் வாசலில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி, “ஐயா, இதுக்கு மருந்து ஏதும் வச்சிருக்கியளா?” என்று கையை நீட்டிக் காட்டினான், விரல் அஞ்சும் தனித்தனியே ஆடுகிறது. நானே கூட்டிக்கொண்டு போனேன், டாக்டர் முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன், “ஒரு சொட்டு கூடாது, இருமல் மருந்துகூட என்னைக் கேட்காமக் குடிக்கக் கூடாது, ஆயுசு பூரா இப்படித்தான்” என்று டாக்டர் சொன்னபோது அவனைவிட அதிகமாகத் தலையாட்டினவன் நான். அதற்குப் பிறகு பதினோரு மாதம், அவன் லோடு இறக்கிவிட்டு வருகிற மத்தியானங்களில், பார்சனேஜ் வேப்பமரத்தடியில் நானும் அவனும். எழுத்துக்கூட்டி வேதம் வாசிப்பான், ஒரு வசனத்துக்கு நாலு கேள்வி கேட்பான், எனக்கே தெரியாததைக் கேட்டால் தெரியாது என்பேன், “அப்போ ரெண்டு பேரும் ஒரே க்ளாஸ்தான்யா” என்பான். முதன்முதல் வாய்விட்டு ஜெபம் பண்ணச் சொன்ன அன்றைக்குக் கொஞ்சநேரம் முழித்துவிட்டு, “ஆண்டவரே, நான் மாசிலாமணி. மூணாம் தெரு, தண்ணித்தொட்டிக்கு எதிர்த்தாப்ல வீடு. பச்சைக் கதவு” என்று தொடங்கினான், விலாசம் தெரியாமல் ஆண்டவர் எப்படி வருவார் என்று அவனுக்கு. உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி சுகிர்தம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற செல்வின் என்கிற தன் கூட்டாளியையும் அவனே பிடித்துக்கொண்டு வந்து சேர்த்தான். “இவனும் நம்ம கேஸ்தான்யா, என்னவிடக் கொஞ்சம் பழசு.” அறுந்தது இரண்டும் ஒட்டிக்கொண்டது, விரல் நடுவே அந்த முறுக்கு எனக்குத் தெரிந்தது, மில்லிலிருந்து வந்த பிறகு என் விரலுக்கு அப்படித் தெரிந்தது அப்போதுதான்.

முதல் பந்தி எழுந்து போகிறது. சேலைகளின் சரசரப்பு, முழங்கால் சொடுக்குகள். தூண் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறான், குனிந்த தலை. இரண்டாம் பந்தி வருகிறது, அதற்குள் பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன், முக்கால் இருக்கிறது, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் பாதிச் சனம் போய்விட்டது, இன்றைக்கும் நிறைய மீந்துவிடும். மீந்துவிடும். இந்தச் சொல்லில் வந்துதான் ஒவ்வொரு முறையும் நூல் அறுகிறது. மீந்த ரசத்தைக் கொட்டக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஆராதனை முடியுமுன்னே குடித்துத் தீர்க்க வேண்டும், ஐயர் தனியாக முடியாவிட்டால் பந்தியில் சேர்ந்தவர்களில் யாரையாவது கூப்பிடலாம், அது முறை. அதில் நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் அன்றைக்குப் புதிதாகப் பந்திக்கு வந்தாரோ அவரைக் கூப்பிடுவேன், சபை பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேர் சொல்லி. பதினாறு வயசுப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நிற்கும், தாய்மார் முகமெல்லாம் மலரும், நல்ல பழக்கம், ஊர் ஊராக எனக்கு நல்ல பேர் வாங்கித் தந்த பழக்கம். நவம்பர் முதல் ஞாயிறு மாசிலாமணிக்கு முதல் திருவிருந்து. அடைமழை. வெள்ளிக்கிழமைகளில் உலர்திராட்சையைக் காய்ச்சி வடிகட்டித் தருகிறவள் சுகிர்தம், அவள் தங்கச்சி பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள், போகுமுன்னே, பன்னிரண்டு நாள் முந்தியே, காய்ச்சி பாட்டிலில் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போனாள். ஃபிரிட்ஜில் வைங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறை அலமாரியில் வைத்தேன். காலையில் மூடியைத் திருகினபோது டப் என்று ஒரு சத்தம். சத்தம் கேட்டது. நுரை ஏறி இறங்கினதும் தெரிந்தது. மணி அடித்தாகிவிட்டது, மழை, வேறு ரசத்துக்கு எங்கே போவேன், சபைக்கு ஒரு வாய்தானே, யாருக்குத் தெரியும் என்று ஊற்றினேன். மழையில் இருபது பேர் வந்திருந்தார்கள். கடைசியில் மீந்ததில் நான் ஒரு மடக்குக் குடித்தேன், காதுமடல் வரைக்கும் சூடு ஏறியது. ரசம் புளித்துப் போதை ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் கூப்பிட்டேன். மாசிலாமணி, வா. பழக்கம் கூப்பிட்டது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், பழக்கத்துக்கு வாய் கிடையாது. அவன் மேலே வந்தான், பாத்திரத்தை வாங்கினான், மூக்கண்டை போனதும் அப்படியே நின்றான். “ஐயா, இது...” என்றான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. சபை பார்க்கிறது. முதல் பெஞ்சில் பொன்ராஜ் சார் பார்க்கிறார். “ஆண்டவருடையது, குடி” என்றேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் கையைப் பார்த்தேன், விரல்கள் ஆடின. மழைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேனா.

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய்விட்டான். ஒரு வாய் ரசத்தினாலா? வேறு காரணம் இருக்கக் கூடாதா, முதலாளியோடு சண்டை, கடன், எதுவானாலும் இருக்கலாம், குடிகாரனுக்குக் காரணமா பஞ்சம் என்று பொன்ராஜ் சார் சொன்னபோது என்னையறியாமல் ஆமாம் சார் என்றேன், அந்த ஆமாமை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. பதினோரு மாதம் காரணம் கிடைக்காதவனுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது. ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினது யார். இரண்டாம் பந்தியில் ஆறாவது ஆளுக்குக் கொடுக்கிறேன், ஏழாவது ஆளுக்குக் கொடுக்கிறேன், ஒவ்வொரு வாயும் திறந்து மூடுகிறது, சுகிர்தம் நேற்று சாயங்காலம் காய்ச்சினது, வெறும் இனிப்பு, நவம்பருக்குப் பிறகு சனிக்கிழமைதான் காய்ச்ச வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டேன், ஏன் என்று அவள் கேட்டதற்கு உடம்புக்கு நல்லது என்றேன். பிறகு முதலாளி லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். உப்பளத்தில் மூட்டை சுமக்கப் போனான், சைக்கிளில். ஜனவரி கடைசியில் அவன் பெண்சாதி ஜெபக்கனி ஊருக்குப் போகுமுன்னே பார்சனேஜுக்கு வந்து திண்டாடிக்கொண்டு நின்றாள், நான் உள்ளறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு. “ஐயரம்மா, எனக்கு ஒண்ணுதான் புரியல. கோயிலுக்குப் போயி, முத திருவிருந்து எடுத்துட்டு வந்த அன்னைக்கே குடிச்சிட்டு வந்தாவ. என்ன இதுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல ஜெபம், எனக்கு அவ்வளவுதான் பெலன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாவ. ஐயரப் பத்தி ஒரு கொறை சொல்ல விடமாட்டாவ.” சுகிர்தம் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாகர்கோவிலிலிருந்து வந்த அன்றைக்கே அலமாரியில் காலி பாட்டிலை மோந்து பார்த்தவள் அவள், மோந்து பார்த்ததை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள், மூன்று மாதமாக அந்தப் பாட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி ஒரு தாள் எழுதினேன். விலக்கம் நீக்கப்பட்டது என்று இரண்டு வரி. அதற்கு மேலே, நவம்பரில் நான் கொடுத்த ரசத்தைப் பற்றி, முதல் வரியாக ஒன்று எழுதி, அடித்துவிட்டேன். காலையில் இஸ்திரி போட அங்கியை எடுத்த சுகிர்தம் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்துவிட்டு, மடித்து அதே பையில் வைத்தாள். “அடிச்சிருக்கியளே, அந்த வரிய வாசிங்க. மத்த ரெண்டையும் விட்டாலும் சரி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஐந்து ஞாயிறு போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்பு நேரத்தில் கை பை வரைக்கும் போகும், பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஓய்வுநாள் பள்ளித் தேர்வு, கல்யாண ஓலை எல்லாம் வாசிப்பேன், பொன்ராஜ் சாரின் விரல் முழங்காலில் எழுதிக்கொண்டிருக்கும், கை திரும்பிவிடும். இன்றைக்கும் திரும்பிவிட்டது. அப்போது அவன் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மட்டும் வாசித்திருப்பேனா.

இரண்டாம் பந்தியில் கடைசி ஆள் செல்வின். முதல் திருவிருந்து அவனுக்கு, போன வாரம்தான் பந்தியில் சேருவதற்காகப் பிஷப்பிடம் திடப்படுத்தல் வாங்கினான், போன ஞாயிறு அறிவிப்பில் பேரும் வாசித்தேன். குடியை விட்டுப் பத்து மாதமாகிறது. ஐஸ் கம்பெனி ஈரத்தில் வெளிறிப்போன கைகள், அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு மெல்லலாமா கூடாதா என்று தெரியாமல் வைத்திருக்கிறான், கன்னத்தில் ஒரு துருத்தல், நாற்பத்திரண்டு வயசுக் குழந்தை. விளிம்பை அவன் உதட்டில் வைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக் குடித்துவிட்டு, “இனிப்பா இருக்கேய்யா” என்று முணுமுணுத்தான். சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது, கண்ணை ஃபேன் பக்கம் உயர்த்திக்கொண்டேன். கூரை ஓட்டுக்குள் ஒரு புறா நடக்கிற சத்தம். இந்த வேலையில் இப்படி ஒரு நிமிஷம் வரும், ஒரு ஆள் இனிப்பாக இருக்கிறது என்று சொல்வான், அதற்காகப் பதினோரு வருஷ நூலையும் இருபத்திரண்டு வருஷ அங்கியையும் மறுபடியும் சுமக்கலாம் என்று தோன்றும். பிறகு அதே வாய்க்கு எதை ஊற்றுவோம் என்று நமக்கே தெரியாது. இரண்டாம் பந்தி எழுந்தது. செல்வின் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறான், பழக்கம் தெரியும் அவனுக்கு, கடைசியில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று முன் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் பந்தி. நான் ஆல்டர் பக்கம் திரும்பிக்கொண்டு துணியை மடித்தேன், மறுபடியும் மடித்தேன், எத்தனை மடிப்புதான் மடிப்பது. காலடிச் சத்தம் கேட்கிறது, செருப்பு வெளியே விட்ட வெறுங்கால்கள். அதில் எது அவனுடையது. வரவில்லை என்றால் நல்லது. வரவில்லை என்றால் நான் தப்பிக்கிறேன், அவன் போய்விடுகிறான், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் அவன் இருப்பானா, போன வாரம் உப்பளத்து வாய்க்கால் ஓரம் விழுந்துகிடந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள், கால் வீங்கியிருக்கிறதாம், கண்ணெல்லாம் மஞ்சளாம், டாக்டர் இனி அதிகம் இல்லை என்றாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. சைக்கிளில் ஐந்து நிமிஷம். பச்சைக் கதவு, விலாசம் எனக்குத் தெரியும், ஆண்டவருக்குச் சொன்னபோது நானும் கூடத்தானே இருந்தேன்.

திரும்பினேன். பந்தியின் கடைசியில், சுவரோரம், மாசிலாமணி முழங்கால் போட்டிருக்கிறான். பொன்ராஜ் சார் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார், பெஞ்சு கிறீச்சிட்டது. சற்குணம் ஐயர் ஒன்றும் அறியாமல் போகிறார், ஒவ்வொரு கைக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு கைக்கும் ஒரு துண்டு, கடைசிக் கைக்கும் ஒரு துண்டு வைத்துவிட்டார். அப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நான்தான். எட்டுப் பேர் அவனுக்கு முன்னால். ஏழு. தாண்டிப் போய்விட்டால் நாளை அவன் சாவான், கொடுத்துவிட்டால் பொன்ராஜ் சார் வெஸ்ட்ரிக்கு வருவார், “எந்த உத்தரவுல குடுத்திய?” என்று கேட்பார், அப்போது சொல்ல வேண்டிவரும், முழுவதும் சொல்ல வேண்டிவரும், சொன்னால் இந்த அங்கி, இந்த வீடு, நாலு வருஷம் மிச்சமிருக்கிற உத்தியோகம். ஐந்து. இந்தக் கணக்கைப் போடத்தான் ஆண்டவர் என்னை மில்லிலிருந்து கூப்பிட்டாரா. மூன்று. கைகள் கனக்கின்றன, பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. இரண்டு. பக்கத்து ஆளின் தோள் இவன்மேல் படாமல் ஒதுங்கியிருக்கிறது. வந்துவிட்டேன். கொடுப்பேன் என்று அப்போதுதான் தெரிந்தது எனக்கு, கை அதுவாகவே தாழ்ந்தது, சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகத்தை நிமிர்த்தினான். மஞ்சள்தான், கண் முழுக்க. குடித்திருக்கவில்லை, வாடை இல்லை, சவுக்காரம் மட்டும் மணத்தது. வலது கையைத் தூக்கி, அசனப் பந்தியில் சோறு போதும் என்றால் இலைக்கு மேலே கையை விரித்து மறைப்போமே, அப்படிப் பாத்திரத்தின் வாயை மறைத்தான். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. “இனிப்புதான் மாசிலாமணி, நேத்து காச்சினது” என்றேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. “அதுக்கில்லய்யா. எனக்கு விலக்கமுல்லா இருக்கு” என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, அன்றைக்குச் சொன்ன அதே மெல்லிய குரலில், “மிச்சத்துக்கு செல்வினக் கூப்பிட்டிராதிய, ஐயா. அதச் சொல்லத்தான் வந்தேன். அவன் நல்லா இருக்கான்” என்றான். கையை எடுத்துக்கொண்டான். கிராதியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை ஊன்றி எழுந்தான். நான் அந்த இடத்திலேயே நின்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லத் துணிவதற்குள் அவன் முதுகு நடுவழியில் போய்க்கொண்டிருக்கிறது, வீங்கின காலை இழுத்து இழுத்து, தேய்த்த சட்டையின் மடிப்பு ஒரு கோடாக.

பந்தி எழுந்து போனது. வெறும் கிராதி. அதன் மரத்தில், அவன் முழங்கால் போட்டிருந்த இடத்துக்கு நேரே, அப்பத்துண்டு இருந்தது. அதையும் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்தக் கோயிலில் என் தாளுக்குக் கீழ்ப்படிந்தவன் அவன் ஒருவன்தான், எழுதின நானே கொடுக்கப் போனேனே. ஆல்டருக்கு வந்தேன். பாத்திரத்தில் பாதிக்கு மேல். முன் பெஞ்சு நுனியில் செல்வின் என்னைப் பார்க்கிறான், முழங்காலில் கைவைத்து, பாதி எழுந்த மாதிரி. அவனைப் பார்த்துத் தலையசைத்தேன், இல்லை என்று. அவன் முகம் விழுந்தது, ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல உட்கார்ந்துகொண்டான். விழட்டும். பாத்திரத்தை எடுத்து நானே குடித்தேன். எனக்குச் சர்க்கரை, இவ்வளவு இனிப்புக் கூடாது, நவம்பரில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்குகளில் அதுவும் ஒன்று. ஒரு மடக்கு, இரண்டு, ஐந்து, மூச்சு முட்டுகிறது, நெஞ்சை நனைத்துக்கொண்டு இறங்குகிறது, தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் குடித்தேன். பிறகு கீழே இறங்கிப் போய்க் கிராதியிலிருந்த துண்டை எடுத்தேன். கொட்டக் கூடாது, போடக் கூடாது, அதுவும் முறைதான். வாயில் வைத்தேன். அவன் கைச்சூடு இருந்ததா, என் கற்பனையா, உப்புக் கரித்தது. விழுங்க வெகுநேரம் ஆனது. சபை ஆசீர்வாதத்துக்கு எழுந்து தலையைக் குனிந்து நிற்கிறது, பொன்ராஜ் சாரின் வழுக்கை, கிழவியின் முக்காடு, பெண்கள் பக்கத்தில் குனியாமல் நிமிர்ந்திருந்தது ஒரே ஒரு தலை, சுகிர்தம். ஆசீர்வாதத்துக்குத் தூக்க வேண்டிய கை பைக்குள் போய்விட்டிருந்தது. மடிப்பில் மடிப்பில் நைந்துபோன தாள். “ஒரு அறிவிப்பு இருக்கிறது” என்றேன். குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெளியே வேப்பமரத்தடியில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டி எடுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நில் என்று கத்தலாம், அவ்வளவு தூரத்துக்கு இந்த வாய் ஒருநாளும் போனதில்லை. தாளை விரித்தேன். அடித்திருந்த வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.